உடைந்து விழுந்ததா, விழுந்து உடைந்ததா? 1979-ல் ஒரு மூங்கில் கிளைடர்

போன வருஷம் ஓடாவி வீட்டில், அதாவது எங்கள் ஊரில் வள்ளம் கட்டும் தச்சர் வீட்டில், பழைய அடுப்படியைப் பிரித்தார்கள். கூரை ஓலையை இறக்கும்போது விட்டத்துக்கு மேலே செருகிக் கிடந்த ஒரு மூங்கிலும் கூடவே இறங்கியது. பதினெட்டு அடி நீளம். நாற்பது வருஷத்துக்கு மேல் அடுப்புப் புகையைக் குடித்துக் கறுத்திருந்தது. உளுத்துப்போகாமல் பிழைத்ததும் அந்தப் புகையால்தான். ஒரு முனை மட்டும் விளக்குமாறு மாதிரி நார் நாராகப் பிளந்திருந்தது. வேலைக்கு வந்தவர் அதை விறகோடு சேர்க்கப் போனாராம். ஓடாவி மகன் தடுத்து எடுத்து வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "டேய், நம்ம ஸ்கைலாப் கெடச்சிருச்சு. வந்து பாரு."

1979 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை மாலை, ராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்குக் கடற்கரையில் நாங்கள் நான்கு பையன்கள் கட்டிய, எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர் ஒன்று மணலில் மூக்குக் குத்தி விழுந்தது. அதில் தொங்கியவன் ஓடாவி மகன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நடுமூங்கில் வானத்திலேயே உடைந்துவிட்டது, அதனால்தான் விழுந்தது என்று ஊர் சொன்னது. நாங்களும் அதையே சொன்னோம். உளுத்த மூங்கிலை விற்றுவிட்டார் என்று கடைக்காரரை வருஷக்கணக்கில் திட்டினோம். இப்போது அந்த மூங்கிலைக் கையில் வைத்துப் பார்த்தபிறகு தீர்ப்பை மாற்ற வேண்டியிருக்கிறது.

நாலு பையன்களும் ஒரு படமும்

ஊர்ப் பெயர் வேண்டாம். புதுமடத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வரில் மூத்தவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். வெளியூர்க் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தார். பால்சா மரத்தில் சக் கிளைடர் என்கிற, கையால் எறியும் சின்ன மாதிரி விமானம் செய்து எறியக் கற்றிருந்தார். ஒரு முகாமில் ரோகிணி கிளைடரில் ஒரு சுற்றும் போய் வந்திருந்தார். ரோகிணி நம் நாட்டிலேயே வரைந்து கட்டிய மரக் கிளைடர், 1961-ல் முதலில் பறந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். அந்த ஒரு சுற்றை அண்ணன் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. கிளைடரை மேலே இழுத்துவிடும் வடம் விடுபடும்போது வரும் அந்த அமைதியை வாயால் "உஸ்ஸ்" என்று சொல்லிக் காட்டுவார்.

அப்புறம் ஓடாவி மகன். எங்களில் எடை குறைந்தவன், 52 கிலோ. டீக்கடைக்காரர் மகன் ஒருவன். நான்காவது நான், அப்போது பதினேழு வயது.

அந்தக் கோடையில் அண்ணன் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகையின் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். முக்கோணமாக ஒரு பாய், அதற்குக் கீழே முக்கோணமாக ஒரு சட்டம், சட்டத்தைப் பிடித்தபடி ஒருவன் தொங்குகிறான். பின்னால் மணல்மேடு. படத்தைப் பார்த்ததும் ஓடாவி மகன் சொன்னது இதுதான்: "இது நம்ம வள்ளத்துப் பாய்தானே, படுக்கப் போட்ட மாதிரி இருக்கு." தப்பில்லாத பார்வை.

அந்தப் பாயின் வரலாறு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் பிரான்சிஸ் ரொகால்லோ என்ற பொறியாளர் 1948-ல், வீட்டுச் சமையலறைத் திரைத்துணியை வைத்து இந்த மெத்தென்ற இறக்கையைச் செய்து பார்த்தார். 1963-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் டிக்கன்சன் அதற்குக் கீழே அந்த முக்கோணப் பிடிசட்டத்தை மாட்டினார். படகு இழுக்க, தண்ணீர் மேல் பறப்பதற்காகச் செய்தது அது. அவர் இறக்கைக்குப் போட்டது வாழைத்தாருக்கு உறை போடும் பிளாஸ்டிக். அதற்குப் பிறகு கலிபோர்னியாவில் பையன்கள் மூங்கிலையும் பாலித்தீனையும் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து குதிக்க ஆரம்பித்தார்கள். 1971 மே 23 அன்று அப்படிப்பட்டவர்கள் ஒன்று கூடி ஒரு விழாவே நடத்தினார்கள். அது ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தாலின் பிறந்த நாள். கிளைடரில் தொங்கியபடி இரண்டாயிரம் தடவை போலப் பறந்து, 1896-ல் அதிலேயே விழுந்து செத்தவர் அவர். எப்படி விழுந்தார் என்பது இந்த வழக்குக்கு வேண்டும். பிறகு வருகிறேன்.

ஆக, நாங்கள் செய்தது உலகத்தில் யாரும் செய்யாததொன்றுமில்லை. எட்டு வருஷம் பிந்தி, ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு செய்தோம், அவ்வளவுதான். படத்தில் ஆள் தொங்கும் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் தாள் மடிந்து நைந்திருந்தது.

கட்டியது

மூங்கில் எங்கள் பக்கம் விளையாது. பனையும் உடைமரமும்தான். ராமநாதபுரத்தில் பந்தல்காரர்கள் வாங்கும் கடையில், உள்ளே பொள்ளலாக, நேராக இருக்கிற மூங்கிலாகப் பார்த்து எடுத்தோம். நடுமூங்கில் ஒன்று, இரண்டு பக்கமும் இறக்கை மூங்கில், மூன்றும் பதினெட்டு அடி. குறுக்கே ஒன்று. பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். உப்பு ஏற்றப் போன மாட்டுவண்டியில் பின்னால் நீட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தது.

பாய்க்கு முதலில் பாலித்தீன் தாள் வாங்கினோம். தைத்ததும் ஊசித்துளை வரிசையில் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வந்தது. பிறகு காடாத் துணி. காடாவில் காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும் என்று அண்ணன் கஞ்சி போடச் சொன்னார். வடித்த கஞ்சி முழுக்க ஒரு வாரம் பாய்க்கே போனது, எங்கள் வீட்டு ஆடுகளுக்குத் தவிடு மட்டும்தான். காய்ந்ததும் துணி அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. சாயங்கால ஈரக்காற்றில் மறுபடி தளர்ந்துவிடும். மொத்தம் 24 கிலோ.

பாய்மரக் கயிறு கட்டுகிற முடிச்சுகளை ஓடாவிதான் சொல்லிக் கொடுத்தார். என்ன செய்கிறோம் என்று கேட்கவே இல்லை. ஊர்க்காரர்கள்தான் கேட்டார்கள். அந்த ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி ஆய்வுக்கூடம் பூமியில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டதும் உண்டு. ஜூலை 11-ல் அது ஆஸ்திரேலியப் பக்கம் விழுந்தது. ஒரு வாரம் கழித்து நாங்கள் வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனதைப் பார்த்து ஒரு அப்பத்தா "ஸ்கைலாப் வருதுடி" என்று கத்தியது. பெயர் அதுவே நின்றுவிட்டது.

காற்று

எங்கள் கரையில் காற்றுக்குத் திசைக்கு ஒரு பெயர். வடக்கே இருந்து வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். மண்டபம், பாம்பன் பக்கம் பிழைப்பே இதை வைத்துத்தான். தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளங்களை வடகடலுக்குக் கொண்டுபோவார்கள், வாடை எழுந்ததும் திருப்பிக் கொண்டுவருவார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், இருபத்துநாலு கிலோ காடாத்துணி பறப்பதில் ஆச்சரியம் இல்லை.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றளக்கும் கருவி இருந்தது, மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள். எங்கள் கருவி கணுக்கால். மணல் பறந்து வந்து கணுக்காலில் ஊசி மாதிரி குத்தினால் பறக்கலாம். குத்தாவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். இது விளையாட்டாகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பிற்பாடு கணக்குப் போட்டபோது அசந்துபோனேன். காய்ந்த கடற்கரை மணல் ஓடத் தொடங்குவதற்குக் காற்று ஏறத்தாழ மணிக்கு 20 கிலோமீட்டராவது வேண்டும். எங்கள் கிளைடரும் ஆளும் சேர்ந்து 76 கிலோ, பாயின் பரப்பு 200 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அந்த எடையை அந்தப் பாய் தூக்க, அதன் மேல் மணிக்கு 29, 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பட வேண்டும். எதிர்க்காற்றே இருபது தந்துவிட்டால் மீதிப் பத்தை ஓடிப் பெறலாம். மணலில் சுமையோடு ஒரு பையன் ஓடக்கூடிய வேகமும் அதுதான்.

ரைட் சகோதரர்கள் செய்ததும் இதே கணக்குத்தான். வானிலைத் துறைக்கு எழுதிக் கேட்டு, காற்றும் மணலும் சேர்ந்த இடமாக கிட்டி ஹாக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். காற்று தூக்கிவிடும், விழுந்தால் மணல் தாங்கும். அங்கே 1902-ல் அவர்கள் கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை பறந்து பழகிய பிறகுதான் மறுவருஷம் எஞ்சினைப் பொருத்தினார்கள். எங்களுக்கு மணலும் காற்றும் வாசலிலேயே இருந்தன. நூற்றுக்கணக்கான தடவைதான் இல்லை.

நாங்கள் குதித்த மேடு இருபது அடி உயரம். அதன் மேற்கே இருநூறு அடி தள்ளி ஒரு சவுக்குத் தோப்பு, மரங்கள் முப்பது அடி இருக்கும். சோழகம் அடிக்கும்போது தோப்பு பக்கவாட்டில் சும்மா நிற்கும். தொந்தரவு இல்லை.

ஒரு தற்பெருமையையும் இங்கேயே அடக்கிவிடுகிறேன். நூறு அடி பறந்தோம் என்று நான் கல்யாணமான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வகைப் பழைய பாய்கள் ஓர் அடி இறங்குவதற்குள் நாலடி முன்னேறும், அதுவும் காற்றைப் பொறுத்து. எதிரே காற்று பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்க, தரையைப் பொறுத்துப் பார்த்தால் இருபது அடி மேட்டிலிருந்து இருபத்தைந்து அடி தூரம் போனாலே அதிகம். மேட்டில் முட்டி மேலெழும் காற்றையும் சேர்த்தால் நாற்பது. நேரம் நாலைந்து விநாடி. நூறு அடி என்பது பொய் என்று சொல்லமாட்டேன், அப்படித்தான் இருந்தது.

அந்த ஞாயிறு

மூன்று மணிக்கு மேட்டுக்குப் போனோம். சோழகம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. கணுக்கால் குத்தியது. முதல் ஐந்து தடவையும் ஓடாவி மகன்தான் தொங்கினான். ஊஞ்சல் பலகை ஒன்றைக் கயிற்றில் கட்டி நடுமூங்கிலில் மாட்டியிருந்தோம், அதில் உட்கார்ந்து பிடிகட்டையைப் பிடித்துக்கொள்வான். கட்டையைத் தன்பக்கம் இழுத்தால் உடம்பு முன்னால் போகும், மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் உடம்பு பின்னால் போகும், மூக்கு எழும்பும், வேகம் குறையும். இவ்வளவுதான் ஓட்டும் வித்தை.

ஐந்து தடவையிலும் மூக்கு தாழ்ந்தே போனது. இறங்கும்போது வேகம் அடங்காமல் குப்புற விழுந்து இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்துவிட்டது. ஐந்தரை மணிக்கு டீக்கடைக்காரர் மகன் தூக்குவாளியில் டீயும் வடையும் கொண்டுவந்தான். அதற்குள் காற்றும் கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் ஒரு தடவை போகலாம், ஆனால் சீக்கிரம் தூக்க வேண்டும், மூக்கும் தாழக்கூடாது. என்ன செய்வது?

ஊஞ்சல் கயிற்றைப் பின்னால் நகர்த்தினால் போதும் என்று தோன்றியது. நகர்த்தியாயிற்று, ஒரு சாண். யார் என்பதைக் கட்டுரையின் கடைசிவரை ஒளித்து வைக்கலாம், ஆனால் அது நியாயமில்லை. நான்தான். மற்ற மூவரும் வடையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இதை நான் 1979-ல் யாரிடமும் சொல்லவில்லை. மூங்கில் உடைந்தது என்று ஊர் முடிவு கட்டியபோது அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஆறு மணி நெருங்கும்போது காற்று மறுபடி எழுந்தது. இந்தத் தடவை மேற்கிலிருந்து. ஆடி மாதத்தில் கச்சான்தான் இயல்பான காற்று, பகலில் கரை சூடேறுவதால் கடற்காற்று வந்து அதை ஒதுக்கி வைத்திருக்கும், பொழுது சாயும்போது கடற்காற்று தளர, கச்சான் திரும்ப வந்து உட்காரும். வலையைச் சுமந்துகொண்டு போன என் மாமா ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்து திரும்பிருச்சு மாப்ளைகளா. தோப்பு மறைவுல காத்து செத்துக் கெடக்கும், பாயி தொங்கிரும்." அவர் வள்ளத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தோம். "சரி மாமா" என்றோம். மூக்கைத் தென்மேற்காகத் திருப்பி வைத்துக்கொண்டோம்.

ஓடாவி மகன் நாலு எட்டு கூட வைக்கவில்லை. பாய் அவனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தது. மேட்டின் உச்சிக்கும் மேலே ஒரு ஆள் உயரம் போனான். அதுவரை அவ்வளவு உயரம் போனதே இல்லை. நாங்கள் கத்திக்கொண்டே ஓடினோம். பிறகு பாய் படபடத்தது. ஒரு கணம் எல்லாம் நின்ற மாதிரி இருந்தது. இடது இறக்கை முதலில் சாய்ந்தது, மூக்கு அப்படியே கீழே திரும்பியது. மேட்டின் அடிவாரத்தில் குத்தியது.

பனை மட்டையை வைத்துக் காலைக் கட்டி ராமநாதபுரம் கொண்டுபோனோம். மூன்று மாதம் மாவுக்கட்டு. அவன் அம்மா எங்கள் யாரையும் வீட்டுப் படியேற விடவில்லை. நடுமூங்கிலை மட்டும் தானே தூக்கிக்கொண்டு போய் அடுப்படி விட்டத்தில் செருகியது. எரிக்கவும் விடவில்லை, வேறு எதற்கும் எடுக்கவும் விடவில்லை. மற்ற மூங்கில்கள் துரட்டிக் கம்பாகவும் பந்தக்காலாகவும் போய்விட்டன.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 10, வானொலியில் செய்தி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 317 விநாடியில் வங்காள விரிகுடாவில் விழுந்துவிட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ராமேஸ்வரத்தில் பிறந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம். சின்ன வயதில் ஆசிரியர் ஒருவர் ராமேஸ்வரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டிப் பறத்தலை விளக்கியதை அவர் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். டீக்கடையில் எங்களைப் பார்த்து ஒருவர் சொன்னது: "பெரியவுக விட்டது கடல்ல, நீங்க விட்டது கரையில. அம்புட்டுத்தான் வித்தியாசம்." இல்லை, இன்னொரு வித்தியாசமும் இருந்தது. அவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்து, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கசிந்ததைக் கண்டுபிடித்தார்கள். 1980 ஜூலை 18-ல் அடுத்த ராக்கெட் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அந்தச் செயற்கைக்கோளின் பெயரும் ரோகிணி, அண்ணனுக்கு அதில் ஒரு பெருமை. நாங்களோ மூங்கில் கடைக்காரரைத் திட்டிவிட்டு வேலைக்குப் போனோம்.

சாட்சிகள்

அண்ணன் இப்போதும் சொல்வது: மேலே இருக்கும்போதே "சடக்" என்று கேட்டது, அப்புறம்தான் விழுந்தது. டீக்கடைக்காரர் மகன்: சத்தம் விழுந்த பிறகுதான். எனக்கு இரண்டு சத்தம் கேட்ட ஞாபகம். ஓடாவி மகனைக் கேட்டால் "எனக்கு என் காலு சத்தம்தான் கேட்டுச்சு" என்கிறான். கஞ்சி போட்ட காடா தளர்ந்து மறுபடி காற்றில் நிரம்பினால் சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம் வரும். எந்த வள்ளத்திலும் கேட்கலாம். அண்ணன் கேட்டது அதுவாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஐந்தாவது சாட்சி ஓடாவி. மறுநாள் மூங்கிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம். "இது முறிஞ்ச மூங்கி இல்லடா, இடிச்ச மூங்கி." மகன் கால் முறிந்த கோபத்தில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டோம். எல்லாம் அதிலேயே இருந்தது.

மூங்கில்

முறிவும் இடியும் வேறு வேறு. மூங்கில் வளைந்து முறிந்தால் ஒரு பக்கம் நார் பிய்ந்து நிற்கும், எதிர்ப்பக்கம் நசுங்கியிருக்கும். இதில் அப்படி இல்லை. முனையிலிருந்து நீளவாக்கில், சுற்றிலும் ஒரே மாதிரி, நாலு அடிக்குப் பிளந்திருக்கிறது. உலக்கையின் பூண் கழன்றபிறகும் குத்திக்கொண்டே இருந்தால் அடி பிளக்குமே, அந்த மாதிரி.

அடுத்தது இடம். பறக்கும்போது நடுமூங்கிலுக்கு வளையும் பாரம் அதிகம் விழுவது ஊஞ்சல் கயிறு தொங்கும் நடுப்பகுதியில். காற்றிலேயே முறிந்திருந்தால் அங்கே முறிந்திருக்க வேண்டும். அங்கே ஒரு கீறலும் இல்லை. கயிறு உரசிய தடம் மட்டும்தான்.

மூன்றாவதை நாங்கள் தேடவில்லை. மூங்கிலைத் திண்ணையில் சாய்த்து வைத்தபோது பிளவின் இடுக்கிலிருந்து பொலபொலவென்று மணல் கொட்டியது. ஒரு கைப்பிடி இருக்கும், சிப்பித் தூளோடு. முனையில் திறந்திருந்த முதல் கணு மணலில் குத்தி வெடித்து, கணுவின் தடுப்பையும் உடைத்துக்கொண்டு அடுத்த கண்ணறைக்குள் மணல் போய் அடைந்திருக்கிறது. விட்டத்தில் படுத்தவாக்கில் கிடந்ததால் அப்படியே இருந்துவிட்டது. மணலுக்குள் அவ்வளவு நேராகக் குத்த வேண்டுமானால் குத்தும் நேரத்தில் மூங்கில் முழுசாக இருந்திருக்க வேண்டும். வானத்தில் உடைந்த மூக்கு துவண்டு மடங்கியிருக்கும், குத்தியிருக்காது.

கடைக்காரர் நல்ல மூங்கில்தான் கொடுத்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது.

அப்படியானால் ஏன் விழுந்தது

லிலியன்தால் விழுந்த மாதிரியே. 1896 ஆகஸ்ட் 9-ல் ஒரு காற்று அவர் கிளைடரின் மூக்கைத் தூக்கியது. அவர் உடம்பை முன்னே வீசி மூக்கைத் தாழ்த்தப் பார்த்தார், போதவில்லை. வேகம் செத்தது. ஐம்பது அடிக்குக் கிட்டத்தட்ட உயரத்திலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். உடம்பை நகர்த்தி மட்டுமே ஓட்டும் கிளைடரில் நகர்த்தக் கிடைக்கும் தூரம்தான் உயிர்.

எங்கள் பிடிசட்டத்தில் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தக் கிடைத்தது மொத்தத்தில் ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டு. நான் கயிற்றை ஒரு சாண் பின்னால் கட்டியதில் அதில் பாதி போல, அவன் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்ந்துவிட்டது. கட்டையைத் தொடாமல் விட்டாலே மூக்கு தூக்கித்தான் நிற்கும். அதனால்தான் நாலு எட்டில் எழும்பியது. நாங்கள் கைதட்டிய அந்த உயரம் கிளைடர் மெதுவாகிக்கொண்டே போனதன் அடையாளம்.

அடுத்தது தோப்பு. மரவரிசைக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்கு மேலும் காற்று மெலிந்தும் குழம்பியும் வரும். முப்பது அடி மரத்துக்கு முந்நூறு அடி. எங்கள் மேடு இருநூறு அடியில் இருந்தது. உச்சிக்கு மேலே நல்ல கச்சானில் ஏறியவன், முன்னால் போய்த் தாழ்ந்ததும் மாமா சொன்ன செத்த காற்றுக்குள் நுழைந்தான். முப்பது கிலோமீட்டர் வேண்டிய பாய்க்கு இருபதோ பதினைந்தோதான் கிடைத்திருக்கும்.

கடைசியாகக் கை. கீழே போகிறோம் என்று தெரிந்ததும் மனுஷன் பின்னால் சாய்வான், கட்டையைத் தள்ளுவான். படகில், மரத்தில், மாட்டுவண்டியில் எல்லாம் அது சரி. இங்கே அது மூக்கை இன்னும் தூக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே கட்டையை இழுத்து முன்னால் போக வேண்டும், அது பழகாமல் வராது. அப்படி இழுத்தாலும் வேகம் திரும்பி வர இன்னும் முப்பது நாற்பது அடியாவது கீழே இடம் வேண்டும். அவனுக்கு இருந்தது இருபத்தைந்து. அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கயிறு

இதை எழுதுவதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டும் என்று போனேன். புது வீட்டுத் திண்ணையில் மூங்கில் கிடந்தது. அவனும் இப்போது ஓடாவிதான், ஃபைபர் படகுகளுக்குத்தான் வேலை அதிகம் என்று அலுத்துக்கொண்டான். டீ வந்தது. சொன்னேன்: அன்றைக்குக் கயிற்றைப் பின்னால் நகர்த்தியது நான், ஒரு சாண்.

கொஞ்ச நேரம் மூங்கிலையே பார்த்தான். "உன் சாணா, என் சாணா?"

"என் சாண்தான்."

உள்ளே போய் டேப்பை எடுத்து வந்தான். கயிறு உரசிய முதல் தடம் நன்றாகத் தெரிந்தது, ஐந்து தடவை பறந்த தடம். அதிலிருந்து ஒன்பது அங்குலத்தில் இரண்டாவது. என் சாண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தடம் அதோடு நிற்கவில்லை. அங்கிருந்து பின்னால் இழுபட்ட மாதிரி, நைலான் கயிறு உரசிய சூட்டில் வழவழப்பான ஒரு கோடு ஐந்து அங்குலம் போய் நின்றது. மூக்கு தூக்கியதும் மூங்கில் சரிந்திருக்கிறது. சரிவில் கயிறு வழுக்கியிருக்கிறது, வழுக்கியதும் மூக்கு இன்னும் தூக்கியிருக்கிறது. ஒன்பது இல்லை, பதினாலு அங்குலம். கட்டையை எவ்வளவு இழுத்திருந்தாலும் போதியிருக்காது.

"அஞ்சு அங்குலம் தானா போயிருக்கு," என்றான். "எங்கப்பா சொல்லிக் குடுத்த முடிச்சு வழுக்காதே. யாரு கட்டுனது?"

"நான்தான்டா. அவசரத்துல ரெண்டு சுத்து சுத்தி விட்டுட்டேன்."

அவன் சிரித்தான். உள்ளே பார்த்து மனைவியிடம், "கேட்டியா, என் காலை ஒடச்சது மூங்கி இல்லயாம், இவன் முடிச்சாம்," என்றான். அவர் வந்து எட்டிப் பார்த்து, துணி காயப்போடக் கொடி இல்லை, அந்த மூங்கிலைத் திண்ணை ஓரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள் என்றார்.

ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கினோம். என் பக்கத்துக் கயிற்றையும் வாங்கி அவனே கட்டினான்.